கைப்பக்குவத்துக்கு யார் சொந்தக்காரர்?

அடுப்படிக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதக்கட்டைப் பிரித்தால், பாதிக்கு மேல் ஒரே மனக்குறை. "நான் சொன்னதை அவர் தன்னுடையது என்கிறார்", "என் குறிப்பை எடுத்துப் போட்டுவிட்டார்கள்". ஆகவே குக்கர் விசில், இட்லி மாவு சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வாசகி, தேவகோட்டை: என் மாமியாரிடம் கற்ற வெள்ளைப் பணியாரத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரே ஆர்டர் எடுத்து விற்கிறார். என்னிடம் வாங்கியவர்களும் அங்கே போகிறார்கள். இது திருட்டு இல்லையா அம்மா?

பிடித்த வாடிக்கை கைவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும், தங்கச்சி. ஆனாலும் இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு என்ன? உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் ஒரு கை பாலும் சேர்த்து, புளிக்கவிடாமல் அன்றே ஊற்றவேண்டும். காரைக்குடியில் கேட்டாலும் பள்ளத்தூரில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உங்கள் மாமியாருக்கு அவருடைய மாமியார் சொல்லியிருப்பார்; அவருக்கு யார் சொன்னார்களோ! இந்த அளவுக்கு உங்கள் வீடு மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

உங்களுக்கென்று இருப்பது கை. ஒரு கரண்டி மாவை எண்ணெயின் நடுவில், ஒரே இடத்தில், கை நடுங்காமல் விட்டால் அது தானே பரந்து மேலே எழும்பி வரும். ஓரம் மொறுமொறுவென்று ஆகி, நடுவில் உப்பி நிற்கும்போது திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும்; கெட்டியானால் உப்பாது. இதை எந்தக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தாலும் கைக்கு வர நாளாகும். அந்தப் பெண்ணுக்கு அது வந்துவிட்டது என்றால் அவர் உட்கார்ந்து பழகியிருக்கிறார். அந்த உழைப்பு அவருடையதுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சொல்லிக்கொடுத்தபோது, "இதை வைத்து வியாபாரம் செய்யாதே, இது என் பிழைப்பு" என்று உங்களுக்குள் பேச்சு இருந்ததா? இருந்திருந்தால் அவர் கொடுத்த வாக்கை மீறியிருக்கிறார், அதை முகத்துக்கு நேராகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிப் பேச்சு இல்லாவிட்டாலும், தொடங்கும் முன் "அக்கா, நானும் போடலாமென்று இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது சட்டத்தில் கிடையாது, அக்கம்பக்கத்தில் உண்டு. உங்கள் பொட்டலத்துக்கு ஒரு பெயரும் அடையாளமும் வைத்து அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பணியாரத்தை யார் வேண்டுமானாலும் சுடலாம். உங்கள் பெயரை ஒட்டி விற்க முடியாது.

வாசகர், மதுரை: நான் எழுதிய கறிவேப்பிலைக் குழம்புக் குறிப்பை ஒருவர் தன் யூடியூப் வீடியோவில் வரிக்கு வரி படிக்கிறார். நான் எடுத்த போட்டோவையும் முகப்பில் வைத்திருக்கிறார். கேட்டால், "சமையல் குறிப்புக்கு காப்பிரைட் கிடையாது" என்கிறார்.

பாதி உண்மையை வைத்துக்கொண்டு உங்களை வாயடைக்கப் பார்க்கிறார், தம்பி. "கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, மிளகு ஒரு ஸ்பூன், புளி எலுமிச்சை அளவு" என்ற பட்டியலுக்கும், வதக்கி அரைத்துக் கொதிக்கவிடும் முறைக்கும் பதிப்புரிமை கிடையாது, அது சரி. அமெரிக்காவிலும் 1996-ல் தயிர்ச் சமையல் குறிப்புகள் பற்றிய ஒரு வழக்கில், பொருள்களையும் செய்முறையையும் வெறுமனே சொல்லும் குறிப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லையென்றே தீர்ப்பானது.

ஆனால் நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். கொழுந்தும் முற்றலும் கலந்து பறிக்க வேண்டும் என்பதையும், உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் குழம்பை எந்தப் பதத்தில் கொடுப்பார்கள் என்பதையும் உங்கள் நடையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எழுத்து உங்களுடையது. போட்டோ முழுக்க முழுக்க உங்களுடையது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே, எடுத்த உடனேயே உரிமை வந்துவிடுகிறது. எங்கும் போய்ப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேதியோடு உள்ள மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, யூடியூபிலேயே உள்ள பதிப்புரிமைப் புகார் வழியாக எழுதுங்கள். அவர் அந்தக் குழம்பைத் தன் வாயால், தன் அடுப்பில் செய்து காட்டினால் அதற்கு நாம் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி: என் அம்மா ஒரு பெரிய வீட்டில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தார். அம்மா சொல்லச் சொல்ல அந்த வீட்டம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். இப்போது அது அவர்கள் குடும்பச் சமையல் என்று அழகான புத்தகமாக வந்திருக்கிறது. அம்மாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அம்மா "போகட்டும் விடு" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை.

ஆறக் கூடாது, மகளே. உன் கடிதத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் முன்னால் உன் அம்மாவின் வழக்கு நிற்பது கடினம். வாயால் சொன்ன செய்முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அதை எழுத்தாக்கியவருக்கு அந்த எழுத்தின் மேல் உரிமை வந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே சட்டம் போடும் கோடு இது. இந்தக் கோட்டின் அந்தப் பக்கத்தில் நம் ஊர்ச் சமையல்காரப் பெண்கள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் சமையலுக்கு இன்று இருக்கும் பேர் உனக்குத் தெரியும். அந்தப் பேரை வாங்கிக்கொடுத்தவர்களில் வீட்டு ஆச்சிமார்களும் உண்டு, தவசுப்பிள்ளைகள் என்று கூப்பிடப்பட்ட சமையல்காரர்களும் உண்டு, பின்கட்டில் அம்மியில் மசாலா அரைத்த பெண்களும் உண்டு. ஓட்டல் பலகையில் ஊர்ப்பெயர் வந்துவிட்டது. அரைத்தவர் பெயர் வரவே இல்லை. அரைக்கும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், சோம்பை எப்போது போட வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்தக் கைகள்தானே? கலியாண வீட்டு அடுப்பங்கரைகளில் அவர்களோடு உட்கார்ந்து வேலை கற்றவள் நான். பலகாரத்துக்குப் பாகு பதம் பார்க்க எனக்குச் சொல்லித்தந்தவர் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியாதவர். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டி, கிண்ணத்தின் ஓரத்தில் தட்டிச் சத்தம் கேட்பார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடுப்பை அணைப்பார். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் அவர் பெயர்தான் இருக்கிறது.

பிறர் சொன்னதை எடுத்து எழுதுவது நம் மரபில் குற்றமாகவே இருந்ததில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்று வகையையும் வெளிப்படையாக வைத்தவர்கள் நாம். முன்னோர் சொன்னதைத் தொகுக்கலாம், விரிக்கலாம், மாற்றியும் செய்யலாம். ஆனால் ஒரு நூலின் முகப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் பட்டியல் போடுகிறதே, அதைப் பார்: "ஆக்கியோன் பெயரே வழியே எல்லை" என்று தொடங்குகிறது. யார் செய்தது என்பது முதலில். எந்த வழியில் வந்தது என்பது அடுத்தபடி. இரண்டையும் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிப் பதிப்பித்தவர். அவர் தம் முகவுரைகளில், ஏடு கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். ஏடு கொடுத்தவர் பாட்டை எழுதியவர் இல்லை. வீட்டுப் பரணில் வைத்திருந்தவர். அதற்கே பெயர் உண்டென்றால், தன் கைப்பக்குவம் முழுவதையும் வாய்விட்டுச் சொன்ன உன் அம்மாவுக்கு எத்தனை உண்டு!

அந்த வீட்டம்மா குறிப்பை எடுத்தது தவறில்லை. எழுதிவைத்ததே நல்ல காரியம், இல்லாவிட்டால் அது அழிந்திருக்கும். "எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்தது" என்று போட்டு, வழியை மறைத்ததுதான் தவறு. அதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வீட்டம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. சண்டைக் கடிதம் வேண்டாம். எந்தெந்தக் குறிப்புகள் அம்மா சொன்னவை என்று பக்க எண்ணோடு எழுதி, அடுத்த பதிப்பில் அம்மாவின் பெயரைப் போடும்படி கேள். அதைச் செய்ய மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று நீ யோசிக்கத் தேவையில்லை, நீயே எழுது. உன் அம்மாவுக்குப் பாதுகாப்புத் தராத அதே சட்டம், அந்தக் குறிப்புகளை நீ எழுதுவதையும் தடுக்க முடியாது. செய்முறை யாருக்கும் சொந்தமில்லை அல்லவா? புத்தகத்தில் உள்ள வரிகளைத் தொடாதே. அம்மாவை உட்காரவைத்து, அவர் பேச்சிலேயே, "அடி பிடிக்கிற மாதிரி வாசம் வரும், அப்போ இறக்கிடணும்" என்று சொல்கிற மாதிரியே எழுது. எழுதி எனக்கு அனுப்பு. அம்மாவின் முழுப் பெயரோடு இந்தப் பத்திரிகையில் வரவைக்க ஆசிரியரிடம் நான் பேசுகிறேன்.

வாசகர், திருப்பூர்: டில்லியில் பட்டர் சிக்கனுக்காகக் கோர்ட்டில் சண்டை போடுகிறார்களாமே? சாப்பாட்டுக்குக்கூட வழக்கா?

பட்டர் சிக்கன் செய்யக் கூடாது என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெஷாவரிலிருந்து பிரிவினைக்குப் பிறகு டில்லிக்கு வந்து மோத்தி மகால் ஓட்டலை நடத்தியவர்களில் இரண்டு குந்தன் லால்கள்: ஒருவர் குஜ்ரால், இன்னொருவர் ஜக்கி. குஜ்ரால் குடும்பத்தார், ஜக்கி வழியினர் தொடங்கிய தரியாகஞ்ச் என்ற ஓட்டலின் மேல் 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தவர்கள் என்று அந்த ஓட்டல் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதுதான் தகராறு. குழம்பை விட்டுவிட்டுப் பெயருக்கு நிற்கிறார்கள். மேலே உள்ள கடிதத்தை எழுதிய மகளும் அதையேதான் கேட்கிறாள். அவளிடம் வக்கீல் இல்லை.

வாசகர், ஒட்டன்சத்திரம்: என் கடையில் பஞ்சாமிர்தம் செய்து விற்க ஆசை. "பழநி பஞ்சாமிர்தம்" என்று போர்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். பழநி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தையும் எவரும் பிசையலாம், பேரீச்சையும் கற்கண்டும் சேர்க்கலாம், பஞ்சாமிர்தம் என்றே விற்கலாம். பழநி என்ற பெயர் அந்த இடத்துக்கும் அங்கே அதைச் செய்பவர்களுக்கும் உரியது. அதே ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும், மறு ஆண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் இந்தக் காப்பு வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த சட்டம். தனி ஆள் ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாத ஒன்றை, ஓர் ஊரே சேர்ந்து சொந்தம் கொண்டாட இது வழி செய்கிறது. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். ருசி இருந்தால் ஒட்டன்சத்திரத்துக்கும் பேர் வரும்.

வாசகி, ஈரோடு: மதியச் சாப்பாட்டை வாழை இலையில் பொதிந்து அலுவலகங்களுக்குக் கொடுக்கும் யோசனை என்னுடையது. இரண்டே மாதத்தில் அதே தெருவில் இன்னொருவர் தொடங்கிவிட்டார்.

யோசனைக்கு வேலி கிடையாது. 1978-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் "ஹம் ஹிந்துஸ்தானி" என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும், நடுவே காதலும். 1956-ல் வந்த "நியூ டெல்லி" படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். கருவுக்கும் கருத்துக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, சொன்ன விதத்துக்குத்தான் பாதுகாப்பு என்று தீர்ப்பு வந்தது. இரண்டையும் பார்த்தவருக்கு, இது அதன் நகலேதான் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அங்கே உரைகல். பொதிசோறு நமக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை கட்டியது. உங்கள் பொதியில் துவையல் மற்றவர் துவையலைவிட நன்றாக இருக்கட்டும்.

வாசகர், சேலம்: சமையல் போட்டிகளுக்கு நீங்கள் நடுவராக இருக்கிறீர்களே, காப்பியடித்த குறிப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

தப்பை வைத்துத்தான். தேவையான பொருள்களில் கசகசா இருக்கும். செய்முறையில் அதை எங்கே போடுவதென்று இருக்காது. மூலக் குறிப்பில் அச்சுப்பிழையாக விட்டுப்போனது, எடுத்து எழுதியவர் கையிலும் அப்படியே வந்து நிற்கும். சமைத்துப் பார்த்தவராக இருந்தால் அந்த இடத்தில் கட்டாயம் இடறியிருப்பார். இன்னொன்று அளவு. பழைய புத்தகத்து ஆழாக்கையும் பலத்தையும் கிராமுக்கு மாற்றி எழுதியவர்கள் கணக்கில் வழுக்கிவிடுவார்கள், உப்பு கைப்பாகிவிடும். எனக்குச் சந்தேகம் வந்தால் அவர்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதில் எந்த இடத்தில் கெட்டுப்போகும்?" செய்தவர் உடனே சொல்லிவிடுவார்.

பரிசு வாங்க வரும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அத்தையிடம் கற்றதை அத்தை பெயரோடு அனுப்புங்கள். ஒரு மதிப்பெண்ணும் குறையாது. என் கையில் இருந்தால் கூடவே போடுவேன்.

வாசகி, நாகர்கோவில்: எங்கள் வீட்டுக் குறிப்புகளைப் புத்தகமாக்க நினைக்கிறேன். என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகச் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மஞ்சள் ஒன்று போதும். புண்ணுக்கு மஞ்சள் வைப்பதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்துப் போராடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. எதைக் காட்டி? பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும். எங்கள் பாட்டி வைத்தாள் என்று வாயால் சொன்னது அங்கே எடுபடவில்லை, அச்சில் இருந்ததுதான் எடுபட்டது.

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே யாரிடம் கற்றது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் பெயர் போடச் சம்மதம் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், அதையும் மதியுங்கள். வேறு புத்தகத்தில் பார்த்துச் செய்தது வீட்டுப் பழக்கமாகிவிட்டிருந்தால் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள், வரிகளை உங்கள் நடையில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுக்க வேண்டாம். வீட்டுப் பாத்திரத்தில் வைத்து நீங்களே எடுங்கள். அளவுக்கு "ஒரு டம்ளர்" என்று எழுதினால் அந்த டம்ளர் எத்தனை மில்லி என்று ஒருமுறை அளந்து முன்பக்கத்தில் போடுங்கள். எல்லாம் முடிந்ததும், உங்கள் வீட்டுச் சமையல் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், தீயல் ஒன்றைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். தேங்காயை எந்த நிறம் வரை வறுப்பது என்று அவர் போன் போட்டுக் கேட்டால், அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.